கரண்டா, பெட்ரோலா? ஸ்டார்ட் ஆகாத காரின் வரலாறு

பெட்ரோல் எஞ்சின் உயிர்பெற நான்கு காரியங்கள் ஒருசேர நடந்தாக வேண்டும். வெளியிலிருந்து ஏதாவதொரு விசை அதைச் சுழற்றிவிட வேண்டும். பெட்ரோலும் காற்றும் எரியத்தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் போக வேண்டும். அந்தக் கலவையைப் பிஸ்டன் இறுக்க வேண்டும். இறுகிய கணத்தில் தீப்பொறி விழ வேண்டும். எது தவறினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கார் ஸ்டார்ட் ஆகாது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பல காரணங்களில் சரியானதைப் பிடிக்கும் திறமைதான் மோட்டார் மெக்கானிக் தொழிலின் அடித்தளம். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அந்தத் திறமை "கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?" என்ற இரண்டு கேள்விகளாகச் சுருங்கி நின்றது. அவை அந்த வடிவத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

தொடக்ககாலக் கார்களில் எஞ்சினைச் சுழற்றியது மனிதக் கை. முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அவற்றில் பலவற்றில் தீப்பொறிக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் 1902-இல் உருவாக்கியபின் இந்த ஏற்பாடு உலகெங்கும் பரவியது. அதில் ஒரு பலவீனம் இருந்தது. மெதுவாகச் சுற்றினால் மேக்னெட்டோ தரும் பொறியும் மெலிந்துபோகும். குளிர்ந்த எஞ்சினைக் கையால் வேகமாகச் சுற்றுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

ஆபத்தும் இருந்தது. பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைக்காமல் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே கலவை எரிந்து எஞ்சினை எதிர்த்திசையில் உதைத்துத் தள்ளும். மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்ற விதி அதனால் பிறந்தது. ஹேண்டில் வழக்கொழியும்வரை ஓட்டுநர்கள் அந்த விதியை இளையவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

ஆனால் இந்த ஹேண்டில் நோயறியும் கருவியாகவும் பயன்பட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சினை மெல்லச் சுற்றினால், அரைச் சுற்றுக்கு ஒருமுறை கை ஓர் எதிர்ப்பை உணரும். நான்கு எதிர்ப்புகளும் ஒரே பலத்தில் இருந்தால் கம்ப்ரஷன், அதாவது கலவை இறுகும் அழுத்தம், சரி. ஏதாவது ஓரிடத்தில் கை வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டரில் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போய்விட்டது என்று அர்த்தம். அளவுமானி எதுவும் இல்லாமல் எஞ்சினின் உள்நிலையை உள்ளங்கைக்குச் சொன்ன கருவி அது. அது மறைந்தபோது மெக்கானிக்கின் கையிலிருந்து ஒரு புலன் போயிற்று என்று சொல்வது மிகையாகாது.

அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் இரண்டு கட்டங்களாக இந்த நிலையை மாற்றினார். 1910 மாடல் காடிலாக்கில் பேட்டரி, காயில், காண்டாக்ட் பாயிண்ட் கொண்ட பொறியமைப்பு வந்தது. 1912 மாடல் காடிலாக்கில் எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஃபோர்டின் மாடல் டி-யில்கூட 1919 முதல் விரும்பினால் செல்ஃப் பெறலாம் என்றாயிற்று. சுகம் கூடிய அதே வேகத்தில் கோளாறின் இயல்பும் மாறியது. முன்பு எஞ்சினைச் சுற்றுவதும் பொறி தருவதும் தனித்தனி வேலைகள். இப்போது இரண்டும் ஒரே பேட்டரியைச் சார்ந்துவிட்டன. பேட்டரி தளர்ந்தால் இரண்டும் ஒன்றாகத் தளரும். நூறு ஆம்பியருக்கு மேல் செல்ஃப் இழுத்துக்கொள்ள, அந்த வேளையில் காயிலுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சரிந்துவிடும். எஞ்சின் சுற்றும், பொறி வலுவாக இராது. அதே காரை ஹேண்டில் போட்டுச் சுற்றினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பேட்டரியில் எஞ்சியிருக்கும் மின்சாரம் முழுவதும் அப்போது காயிலுக்குப் போய்விடுகிறது. பலருக்கு மாயமாகத் தோன்றிய நிகழ்வுக்கு விளக்கம் இவ்வளவே.

சென்னை மாகாணத்தில் இந்த அறிவு முதலில் திரண்ட இடம் பஸ் பட்டறைகள். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொடங்கிப் பெருநிறுவனமாக வளர்ந்த ஜி.டி. நாயுடுவின் யு.எம்.எஸ். பஸ் நிறுவனமும் இதில் முன்னோடிகள். நேரப்படி ஓடியாக வேண்டிய பஸ்ஸுக்குக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்க உரிமையில்லை. உதிரிபாகம் இறக்குமதியாகிக் கப்பலில் வந்த காலத்தில், கெட்ட பாகத்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியவில்லை. அதைச் சீராக்கவோ புதிதாகச் செய்யவோ தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் நிலை வந்தது, டி.வி.எஸ். அதற்கான வாயுக்கலனைத் தயாரித்தது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய முதலில் அடுப்பு மூட்டி, வாயு எரியும் தரத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசின் கொள்கை, வண்டிகளை வெறுமனே பூட்டி விற்ற அயல்நாட்டு நிறுவனங்களை 1950-களின் நடுவில் வெளியேற்றியது. எஞ்சியவை மூன்று கார்கள் என்றே சொல்லலாம். வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர். பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்து, பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட் 1100. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், பத்மினியின் 1089 சிசி எஞ்சின் இரண்டுமே பழைய வடிவமைப்புகள். அவை பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வந்துகொண்டிருந்தன. மின்பாகங்களும் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கின: பெங்களூரில் மைக்கோ 1951-இல் தொடங்கியது, சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல்.

இந்தத் தேக்கத்தைப் பொருளாதார அறிஞர்கள் குறை சொல்வார்கள். வாங்குபவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்ததை எண்ணினால் அது நியாயமே. மெக்கானிக் தொழிலுக்கு அது செய்த நன்மை பேசப்படுவதில்லை. அப்பா ரிப்பேர் பார்த்த அதே எஞ்சினை மகனும் பார்த்தான். திருநெல்வேலிப் பட்டறையில் கற்ற பாடம் கோயம்புத்தூரிலும் செல்லுபடியானது. புத்தகம் படிக்காதவரிடமும் ஒரு தலைமுறையின் அனுபவம் முழுதாக வந்து சேர்ந்தது. ஸ்டார்ட் ஆகாத காரைச் சோதிக்கும் வரிசை ஊருக்கு ஊர் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

முதல் சோதனை காதுக்கு. சாவியைத் திருகியதும் 'டிக்' என்ற ஒற்றை ஒலி மட்டும் வந்தால் சுவிட்சு வேலை செய்கிறது, செல்ஃபுக்குப் போதிய மின்சாரம் போகவில்லை. எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி தளர்வு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபை அழுத்தச் சொல்வார்கள்: வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது செல்ஃப் இறுகியிருக்கிறது, வெளிச்சம் சற்றும் மங்காமல் செல்ஃபும் சுற்றாமல் இருந்தால் செல்ஃபுக்குப் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி டெர்மினலில் படிந்த வெள்ளைப் பூப்பு. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவினால் தீரும் கோளாறுக்குப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் ஏராளம். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அந்தக் காலத்து டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏற்றாது. நகரத்துக்குள் இரவில் விளக்கெரியவிட்டு ஊர்ந்த கார் மறுநாள் காலை எழாமல் போனதற்கு அதுவே காரணம்.

செல்ஃப் மோட்டார் விர்ரென்று ஓடியும் எஞ்சின் சுற்றாவிட்டால், பெண்டிக்ஸ் எனப்படும் பல்சக்கரம் ஃப்ளைவீலோடு சேரவில்லை. பல்லும் பல்லும் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதும் உண்டு. அப்போது டாப் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது கம்ப்ரஷன் காரணமாக எப்போதும் ஏறக்குறைய ஒரே இரண்டு நிலைகளில்தான் நிற்கும். ஆகவே ஃப்ளைவீலின் பற்களும் அந்த இரண்டு இடங்களில்தான் முதலில் தேயும்.

காரைத் தள்ளுவதும் ஒரு சோதனையே. இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டால், பொறிக்கும் பெட்ரோலுக்கும் குறையில்லை. தேட வேண்டிய இடம் பேட்டரியும் செல்ஃபும். தெருக்கோடிவரை தள்ளியும் பிடிக்கவில்லையென்றால் பானெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத நிலையில்தான் 'கரண்டா, பெட்ரோலா' என்ற கேள்வி எழுகிறது. கரண்டைப் பார்ப்பது எளிது, ஆகவே அது முதலில். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவிலிருந்து காயில் ஒயரை உருவி, எஞ்சின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றச் சொல்ல வேண்டும். சடசடவென்று நீலப் பொறி பாய்ந்தால் காயில்வரை நலம். கோளாறு மூடியிலோ ரோட்டரிலோ பிளக்கிலோ இருக்கிறது. மஞ்சளாக, ஒலியின்றி வந்தால் பொறி நலிந்திருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரே சோதனை மின்பாதையை இரண்டாக வெட்டிப் பாதியைக் கேள்வியிலிருந்து நீக்கிவிடுகிறது. முழுப் பரிசோதனையின் அறிவும் இந்த வெட்டில்தான் இருக்கிறது. கற்றுக்குட்டி கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றுவான். தேர்ந்தவர் எங்கே வெட்டினால் பாதி தொலையும் என்று பார்ப்பார்.

பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுவது பாயிண்ட். விநாடிக்குப் பலமுறை திறந்து மூடும் இந்தச் சிறு தொடுமுனைகள்தான் பழைய காரின் மிக நலிந்த உறுப்பு. அவை திறக்கும் கணத்தில் காயிலில் பாயும் 12 வோல்ட் மின்னோட்டம் அறுபட்டு, பிளக்குக்குத் தேவையான பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. அம்பாசிடரில் அவற்றின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும்; பிளக்குக்கு 25 பங்கு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத வழியில் விசிட்டிங் கார்டை இடையே செருகி இடைவெளி வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். முனை கருகியிருந்தால் எமரித் தாளால் தேய்ப்பார்கள். தேய்த்தும் மறுபடி மறுபடி கருகினால் தவறு பாயிண்டில் இல்லை, பக்கத்திலிருக்கும் கன்டென்சரில். கன்டென்சர் போனால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்டிலேயே விழும். கன்டென்சரை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தவர் தொழில் தெரியாதவர் என்று பெயரெடுத்தார்.

மழைக்காலத்துக்கென்று தனிக் கோளாறு உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்தால் உயர் அழுத்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். துடைத்தும் தீரவில்லையென்றால் மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்தக் கோடு விழுந்த மூடி இனி உதவாது. பிளக் ஒயர்களை வரிசை மாற்றிச் செருகுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு மூன்றுக்கும் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. மாறினால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வழியே எஞ்சின் திருப்பி வெடிக்கும்.

கழற்றிய பிளக் தானே வாக்குமூலம் தரும். வெளிர் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்வு. பெட்ரோலில் நனைந்திருந்தால் 'ஓவர்ஃப்ளோ'. காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து வைத்தபடி திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதன் விளைவு இது. சோக்கைத் தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால் காற்று புகுந்து உலர்த்திவிடும். சில நிமிடம் சும்மா விட்டாலும் சரியாகும். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்தக் காத்திருப்புதான் கடினம்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பட்டறைகளில் 'ஏசி பம்ப்' எனப்படும் பெட்ரோல் பம்பின் கை நெம்புகோலை அசைத்தால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்புரேட்டரில் மிதவை அறையின் ஊசி ஒட்டியிருக்கும் அல்லது ஜெட்டில் தூசி அடைத்திருக்கும். பீய்ச்சாவிட்டால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். அல்லது டேங்கின் துரு குழாயை அடைத்திருக்கும். அல்லது டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டு உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பம்ப் இருந்ததால், கோடையில் மலையேறும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபடும். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஏறும் சாலைகளில் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்து நின்ற கார்கள் ஒரு காலத்தில் வழக்கமான காட்சி. கலப்படமும் ஒரு காரணம். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. காலையில் சிரமப்படும் கார் ஒருமுறை சூடேறிவிட்டால் ஓடும்.

கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்து, பொறி விழும் நேரமும் பிசகாமல் இருந்தால் மட்டுமே கம்ப்ரஷனைச் சந்தேகிக்க வேண்டும். அது ஒரே இரவில் போவதில்லை. ஹெட் கேஸ்கெட் வெடித்தாலோ டைமிங் செயின் அறுந்தாலோ தவிர. பிளக் துளை வழியே சிறிது எஞ்சின் ஆயில் விட்டுச் சுற்றும்போது அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வு. எஞ்சினைப் பிரிக்குமுன் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை இது.

பெட்ரோல் விலை ஏறியபோது, 1980-ஐ ஒட்டி, அம்பாசிடர் டீசல் எஞ்சினோடு வரத் தொடங்கியது. டாக்சிக்காரர்கள் அதற்கு மாறினார்கள். டீசலில் ஸ்பார்க் பிளக்கும் பாயிண்டும் இல்லை. 'ஏர் பிடிச்சிருக்கு' என்பதுதான் முதல் சந்தேகம். டீசல் குழாயில் புகுந்த காற்றை நட்டைத் தளர்த்தி வெளியேற்றுவது ஓட்டுநர்களே செய்துகொண்ட வேலை. எஞ்சினைச் சூடாக்கித் தரும் ஹீட்டர் பிளக் போனால் குளிர்காலக் காலைகளில் மட்டும் தொல்லை.

இந்த அறிவு கைமாறிய விதமும் குறிப்பிடத்தக்கது. 1950-க்குப் பின் வந்த தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இருந்தது. ஆனாலும் பெரும்பாலானோர் சிறுவயதில் பட்டறையில் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவிக் கற்றவர்கள். பல ஆண்டுகள் கூலி சொற்பம், படிப்பு போயிற்று. அந்தச் சிறுவர்களின் இழப்பை மறந்துவிட்டு அவர்கள் பெற்ற தேர்ச்சியை மட்டும் புகழ்வது முறையாகாது.

மாற்றத்தின் தொடக்கம் 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800. அதுவும் கார்புரேட்டர் கார்தான், ஆனால் காலையில் தவறாமல் ஸ்டார்ட் ஆனது. அந்த நம்பிக்கையே அதன் பெரிய விளம்பரம். அடியோடு மாற்றியது புகைக் கட்டுப்பாடு. உச்ச நீதிமன்றம் 1999-இல் தில்லிப் பகுதிக்குக் கடும் விதிகளை வற்புறுத்தியபின், அடுத்த சில ஆண்டுகளில் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்து எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பாயிண்டும் கன்டென்சரும் சரித்திரமாயின. கோளாறைக் காரே பதிவுசெய்து கருவிக்குச் சொல்லும் ஓபிடி அமைப்பு 2010 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது.

ஸ்கேனர் கருவியைச் செருகினால் பிழை எண் வருகிறது. எந்த சென்சாரின் அளவு பிசகியது என்பதை எண் சொல்லும்; சென்சார் கெட்டதா, ஒயர் அறுந்ததா, பேட்டரி அழுத்தம் குறைந்ததா என்பதை மனிதன்தான் பிரித்தறிய வேண்டும். பாதையை இரண்டாக வெட்டிப் பார்க்கும் பழைய முறைக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

பத்மினியையும் ஹெரால்டையும் ஆசையோடு பேணுபவர்களுக்கு இப்போது வரும் கோளாறுகள் ஓடித் தேய்ந்த காரின் கோளாறுகள் அல்ல, ஓடாமல் நின்ற காரின் கோளாறுகள். மாதக்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்குகிறது, பாயிண்டில் களிம்பு படிகிறது, பெட்ரோல் கெட்டுப் பசையாகி ஜெட்டை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் புதிய சிக்கல் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. நாடு முழுவதும் சராசரியாக 10 விழுக்காடு கலப்பு 2022-இல் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். பழைய பம்பின் ரப்பர் டயாஃப்ரத்தையும் குழாய்களையும் எத்தனால் ஊறச்செய்து கெடுக்கும். ஆகவே நெடுநாள் நின்ற பழைய காரில் பேட்டரிக்கு அடுத்தபடியாக டேங்கின் அடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால், நீர் இருந்தால் சில நிமிடங்களில் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். அப்படி நின்றால் டேங்கைக் கழற்றிக் கழுவி, ரப்பர்ப் பாகங்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியபிறகே செல்ஃபைத் தொட வேண்டும்.